தாவீது சொன்ன 'நானும்'

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன், காற்றுச் சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு இரண்டே வசனம். 2 சாமுவேல் 2-ஆம் அதிகாரம், 5, 6. தாவீது எப்ரோனில் யூதாவுக்கு ராஜாவாக அபிஷேகம் பெற்றதும் ஒரு செய்தி வருகிறது: முந்தின ராஜாவான சவுலை அடக்கம் செய்தது கீலேயாத் தேசத்து யாபேஸ் ஊர்க்காரர்கள்.

அது சாதாரண அடக்கம் இல்லை. கில்போவா மலைப் போரில் சவுல் செத்து விழுந்தபிறகு, எதிரிகளான பெலிஸ்தர் அவர் தலையை வெட்டி, உடலைப் பெத்சான் மதிலில் தொங்கவிட்டார்கள். யாபேஸ் இருந்தது யோர்தானுக்குக் கிழக்கே, பெத்சான் மேற்கே. சுமார் 20 கிலோமீட்டர். அந்த ஊர் ஆண்கள் ராத்திரி முழுக்க நடந்துபோய், எதிரியின் மதிலிலிருந்து சவுலையும் அவர் பிள்ளைகளையும் இறக்கினார்கள். மகன்கள் மூன்று பேர் அங்கே செத்திருந்தார்கள். நாலு உடல்! அத்தனையையும் ஊருக்குக் கொண்டுவந்து எரித்து, எலும்புகளை மரத்தடியில் புதைத்து, 7 நாள் உபவாசம் இருந்தார்கள்.

ஏன் இவ்வளவு? பல வருஷத்துக்கு முன்னால் அம்மோனியனான நாகாஸ் இந்த யாபேஸைத்தான் முற்றுகையிட்டு, எல்லாருடைய வலது கண்ணையும் பிடுங்குவேன் என்றான். அப்போது வயலிலிருந்து மாடுகளுக்குப் பின்னால் நடந்துவந்த சவுல் அதைக் கேட்டு, படை திரட்டி வந்து காப்பாற்றினார். அந்தக் கண்களோடுதான் இவர்கள் பெத்சானுக்கு இருட்டில் வழி பார்த்துப் போனார்கள். எனக்கு இதை நினைத்தாலே தொண்டை அடைக்கிறது.

சரி, இப்போது தாவீது. அவர்மேல் ஈட்டி எறிந்தவர் சவுல், காடு மலையெல்லாம் துரத்தியவர். அந்த மனுஷனுக்கு விசுவாசமாக இருந்தவர்களைப் புது ராஜா தேடிப்பிடித்து வாழ்த்துகிறார். இதில் ராஜதந்திரம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறதுதான், அடுத்த வசனத்திலேயே யூதா வம்சத்தார் தன்னை ராஜாவாக்கியதைச் சொல்லிவிடுகிறார். ஆனாலும் தன் எதிரிக்குச் செய்த நன்மையையும் நன்மை என்றே மதித்தாரே, அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

என்ன சொல்லி அனுப்பினார்? கர்த்தர் உங்களைக் கிருபையும் உண்மையுமாய் நடத்தட்டும் என்று. எபிரெயத்தில் ஹெசெத், எமெத். ஹெசெத் வெறும் இரக்கம் இல்லை, உறவை விட்டுக்கொடுக்காத அன்பு. எமெத் அசையாத உறுதி. நாம் சொல்லும் 'ஆமென்' பிறந்த வேர்தான் அதற்கும். சீனாய் மலையில் கர்த்தர் மோசேக்குத் தம்மைப் பற்றிச் சொன்னபோது இதே இரண்டு வார்த்தைகளும் சேர்ந்து வருகின்றன, யாத்திராகமம் 34:6. தமிழில் அங்கே 'தயை', 'சத்தியம்' என்று இருப்பதால் நமக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. கர்த்தரின் குணம் எதுவோ, அதையே இந்த ஊருக்குக் கூலியாகக் கேட்கிறார் தாவீது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நீங்கள் இதைச் செய்தபடியால் 'நானும்' உங்களுக்கு நன்மை செய்வேன் என்கிறார்.

அந்த 'நானும்' இந்த வாரம் முழுக்க என்னை விடவில்லை. எங்கள் அப்பா இறந்தபோது நல்ல மழை. கல்லறையில் குழி வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. வெட்டிய அண்ணன் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்துக்கொண்டு விடியும்வரை இறைத்தார், பெட்டியை இறக்கும்வரை தரை ஈரமாக இருக்கக் கூடாது என்று. கூலியைக் கொடுத்து, "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்ண்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் மூன்று வருஷமாக அவரை நான் பார்க்கவே இல்லை.

நேற்று சாயங்காலம் போனேன். முழங்கால் வலியால் இப்போது குழி வெட்டுவதில்லையாம். ஆளை அடையாளம் தெரியாமல் பார்த்தார். அப்பா பெயரைச் சொன்னதும், "அந்த மழை நாளா தம்பி?" என்று கேட்டுத் திண்ணையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். திங்கட்கிழமை அவரை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.