சாளரத்தை மூடினால் மென்பொருளும் மூடுமா?

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இப்போது இரண்டு விதமான கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. பிள்ளைகளின் படிப்புக்காக யாழ்ப்பாணத்திலேயே வாங்கிய விண்டோஸ் லப்டொப் ஒன்று. கனடாவில் இருந்தோ சுவிசில் இருந்தோ வந்த மாமா கொண்டுவந்து தந்த அப்பிள் மக்புக் இன்னொன்று. இரண்டிலும் எழுதலாம், படம் பார்க்கலாம், சூம் வகுப்பில் இருக்கலாம். ஆனால் ஒன்றில் பழகிய கை மற்றதில் தடுமாறும். ஏன் தடுமாறுகிறது என்பதைத்தான் பல வருடமாக வகுப்பில் சொல்லி வருகிறேன்.

பொத்தான் இடம் மாறியிருப்பதுதான் சிக்கல் என்று பலர் நினைக்கிறார்கள். விண்டோஸில் மூடுகிற பெருக்கல் குறி வலது மூலையில், மக்கில் சிவப்புப் பொத்தான் இடது மூலையில். அது இரண்டு நாளில் பழகிவிடும். உண்மையான வித்தியாசம் அந்தப் பொத்தானை அழுத்திய பிறகு நடப்பதில் இருக்கிறது.

கொக்குவில் பக்கம் ஒரு கொமினிகேஷன் கடையில் டைப்செட்டிங் செய்கிற பிள்ளை ஒருத்தி என்னிடம் படித்தவள். அண்ணன் அனுப்பிய மக்புக்கில் வேலை செய்யத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் பின்னேரம் கூப்பிட்டாள். அந்தியேட்டிக்கு நினைவு மலர் ஒன்று அவசரமாக முடிக்க வேண்டும். 31ஆம் நாள் தள்ளிப்போகாது, உங்களுக்குத் தெரியும். அட்டைப் படம் போட்டோஷொப்பில் திறந்திருக்கிறது. திதி வெண்பா ஒரு வேர்ட் கோப்பில், வாழ்க்கை வரலாறு இன்னொன்றில், நன்றி நவிலல் மூன்றாவதில். வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் யுனிகோடில் அனுப்பியதைப் பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவுக்கு மாற்றுவதற்கு இணையப் பக்கம் ஒன்று வேறு.

"சேர், எல்லாத்தையும் மூடிப்போட்டன். பிறகும் மெசின் பாரமாத்தான் கிடக்கு" என்றாள்.

போய்ப் பார்த்தேன். திரையில் ஒரு சாளரமும் இல்லை, அதாவது கோப்பைக் காட்டுகிற விண்டோ ஒன்றும் இல்லை, வெறும் பின்னணிப் படம் மட்டும். ஆனால் இடது மேல் மூலையில், அப்பிள் சின்னத்துக்குப் பக்கத்தில், வேர்ட் என்ற பெயர் நின்றது. கீழே டொக் என்கிற சின்னங்களின் வரிசையில் போட்டோஷொப்புக்குக் கீழே ஒரு சிறு புள்ளி, வேர்ட்டுக்குக் கீழே ஒரு புள்ளி, காலையில் ஏதோ பார்ப்பதற்குத் திறந்தவற்றுக்குக் கீழேயும் புள்ளி. புள்ளி இருந்தால் அந்த மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் மூடியது கோப்புகளின் சாளரங்களை மட்டும்தான்.

தேத்தண்ணிக் கடையில் கடைசி ஆள் எழும்பிப் போனவுடன் கடையைப் பூட்டுவதில்லையே, மக் அப்படித்தான் நினைக்கிறது. அடுத்த கோப்பைத் திறப்பீர்கள் என்று மென்பொருள் காத்திருக்கும். முழுதாக நிறுத்துவதற்குக் கொமாண்ட் விசையோடு கியூவை அழுத்த வேண்டும். விண்டோஸிலோ வேர்ட்டின் கடைசிச் சாளரத்தை மூடினால் வேர்ட்டும் போய்விடும். இதை இன்னொரு முறை சொல்கிறேன்: விண்டோஸில் சாளரம் போனால் மென்பொருளும் போகும், மக்கில் சாளரம் போனாலும் மென்பொருள் நிற்கும்.

இரண்டு பக்கமும் விதிவிலக்கு உண்டு. மக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ் போல ஒரே சாளரத்தோடு இருக்கிற சில, மூடியவுடன் நின்றுவிடும். விண்டோஸில் சில மென்பொருட்கள் மூடிய பிறகும் வலது கீழ் மூலையில், நேரம் காட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒளிந்திருக்கும். அங்கே உள்ள சின்ன அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள். இன்னொன்று, இதைக் கேட்டுவிட்டு மக்கில் எல்லாவற்றையும் ஓடியோடி நிறுத்த வேண்டாம். சும்மா காத்திருக்கிற சிறிய மென்பொருளால் பெரிய பாரம் இல்லை. போட்டோஷொப் போல நினைவகத்தை அள்ளுகிறவற்றைத்தான் கவனிக்க வேண்டும்.

ஏன் இப்படி இரண்டு வழி வந்தது? 1984இல் வந்த முதல் மக்கின்ரொஷில் நினைவகம் 128 கிலோபைட்தான். ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் ஓடும். ஆகவே திரையின் உச்சியில் ஒரே ஒரு மெனுப் பட்டை போதுமாக இருந்தது. 1987இல் மல்டிஃபைண்டர் என்கிற மக் மென்பொருள் வந்து பல மென்பொருட்கள் சேர்ந்து ஓடத் தொடங்கியபோதும் அந்தப் பட்டை இடம் மாறவில்லை. எந்த மென்பொருள் முன்னால் நிற்கிறதோ, பட்டை அதனுடையது. இன்றைக்கும் அப்படியே. விண்டோஸின் முதல் பதிப்பு 1985இல் வந்தது. அதில் சாளரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாக நின்றன. ஒவ்வொரு சாளரத்துக்கும் அதனதன் மெனு உள்ளேயே இருந்தது. 1995இல் டாஸ்க்பார் என்கிற கீழ்ப் பட்டை வந்தபோது, திறந்திருக்கிற ஒவ்வொரு சாளரத்துக்கும் அதில் ஒரு பொத்தான் கிடைத்தது. மக் மென்பொருளை எண்ணுகிறது, விண்டோஸ் சாளரத்தை எண்ணுகிறது.

இது தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். அந்தப் பிள்ளையின் அடுத்த முறைப்பாட்டைக் கேளுங்கள். விண்டோஸில் ஆல்ட்டும் டாபும் அழுத்தினால் மூன்று வேர்ட் கோப்பும் மூன்றாகத் தெரியும். மக்கில் கொமாண்டும் டாபும் அழுத்தினால் ஒரே ஒரு வேர்ட் சின்னம்தான். திதி வெண்பாவில் இருந்து நன்றி நவிலலுக்கு எப்படிப் போவது? அவளுடைய விசைப்பலகையில் டாபுக்கு நேர் மேலே இருக்கிற விசையைக் கொமாண்டோடு சேர்த்து அழுத்தச் சொன்னேன். ஒரே மென்பொருளின் சாளரங்களுக்குள் அது மாறி மாறிப் போகும். அவளுடைய முகம் தெளிந்தது.

என்னைக் கேட்டால், பல கோப்புகளை அருகருகே வைத்துச் செய்கிற டைப்செட்டிங் வேலைக்கு விண்டோஸின் பழைய வழியே நல்லது. பெயரோடு பொத்தான்கள் வரிசையாக நிற்கும், பார்த்து அழுத்தலாம். 2009இல் விண்டோஸ் 7 வந்தபோது ஒரே மென்பொருளின் சாளரங்கள் ஒரு சின்னத்துக்குள் அடங்கின, டொக்கைப் போல. பிடிக்காதவர் பழையபடி பிரித்து வைக்க வழி இருந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11 அந்த வழியையும் எடுத்துவிட்டது. பாவிக்கிறவர்கள் விடாமல் கேட்டார்கள், 2023இல் திரும்பி வந்தது. கடை வைத்திருக்கிறவர்கள் செட்டிங்ஸில் டாஸ்க்பார் பகுதிக்குப் போய், கம்பைன் என்று தொடங்குகிற வரியில் நெவர் என்று மாற்றிவிடுங்கள். ஒரு நாளில் எத்தனை தேடல் மிச்சமாகும் என்று நீங்களே காண்பீர்கள். பாடசாலையிலும் எந்தப் பொத்தான் எங்கே என்று மனப்பாடம் செய்விக்காமல், சாளரம் வேறு, மென்பொருள் வேறு என்பதை முதல் வகுப்பிலேயே காட்ட வேண்டும் என்று ஆசிரியர்களை அன்போடு கேட்கிறேன்.

நேரம் போய்விட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் இருந்து கை காட்டுகிறார்கள். விண்டோஸ், மக் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் பற்றி நிறையக் கதைக்க இருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே சாளரங்களைக் கவனிப்பதற்கென்றே தனி மென்பொருள் இருக்கும், பிடிக்காவிட்டால் அதை மட்டும் மாற்றலாம். கேடிஇ, க்னோம் என்று லினக்ஸின் திரை அமைப்புகள் பல உண்டு. கேடிஇ விண்டோஸ் போலக் கீழே பட்டை வைத்திருக்கும். க்னோம் 2011இல் சாளரத்தைச் சிறிதாக்கும் பொத்தானையே எடுத்துவிட்டது. கிளிக் செய்யாமல், சுட்டியை ஒரு சாளரத்தின்மேல் கொண்டுபோனாலே அது எழுதத் தயாராகும்படியும் வைக்கலாம். பழைய லப்டொப் சும்மா கிடந்தால், லினக்ஸில் ஒரு வகையான உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். தொடங்கும்போது நிறுவுவதா, பார்ப்பதா என்று கேட்கும். பார்ப்பது என்பதைத் தெரிவு செய்யுங்கள். நன்றி, வணக்கம்.