வரப்பு மரத்துக்கு யார் கூலி தருவது?

அவையோருக்கு வணக்கம்.

விளைந்த தானியத்தை விற்றால் உழவருக்குக் காசு. கறந்த பாலை விற்றால் காசு. அதே நிலம் மழைநீரை வடிகட்டி ஊர்க் கிணற்றுக்கு அனுப்புகிறதே, அதற்கு? வரப்பு மரத்தில் கூடு கட்டிய தேனீ அடுத்தவர் தோட்டத்தில் காய் பிடிக்க வைக்கிறதே, அதற்கு? ஒன்றும் கிடையாது. பயனை அனுபவிப்பவர் காப்பவருக்குக் கொடுக்கட்டும் என்பதுதான் சூழல் சேவைக் கட்டணம். இதை மானியம் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. செய்த வேலைக்குக் கொடுப்பதற்குப் பெயர் கூலி.

பிரான்சில் வித்தேல் என்றொரு ஊர். அங்கே ஊற்றுநீரைப் பாட்டிலில் அடைத்து விற்கும் நிறுவனத்துக்கு 1980களில் ஒரு கவலை வந்தது: மேட்டு நிலங்களில் மாட்டுத் தீவனத்துக்காக மக்காச்சோளம் பயிரிட்டார்கள், உரத்தின் நைட்ரேட் மண்ணுக்குள் இறங்கியது. ஊற்று கெட்டால் வியாபாரமே போச்சு. பேசினார்கள், ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். மக்காச்சோளம் வேண்டாம், பூச்சிமருந்து வேண்டாம், சாணத்தை மக்க வைத்துப் போடுங்கள் என்றது நிறுவனம். அதற்கு ஈடாகப் பணம், தொழுவத்தைச் சீர்செய்ய உதவி, 18 அல்லது 30 ஆண்டு ஒப்பந்தம். நான் அடிக்கோடிடுவது பணத்தை அல்ல, அந்த ஆண்டுக் கணக்கை. ஐந்து வருஷத் திட்டத்தை நம்பி எந்த உழவர் தன் தொழுவத்தையே மாற்றிக் கட்டுவார்?

அமெரிக்காவில் 1985 வேளாண் சட்டம் வேறு வழி பார்த்தது. அரிப்பு மிகுந்த நிலத்தை உழாமல் புல்லும் மரமும் வளர்த்தால், 10 முதல் 15 ஆண்டுக்கு அரசே வாடகை தரும். 2007இல் அப்படி 3.6 கோடி ஏக்கருக்கு மேல் ஓய்வில் இருந்தது. பிறகு தானிய விலை ஏறியது. ஒப்பந்தம் முடிந்த நிலங்களில் ஏராளமானவை மறுபடி கலப்பைக்குத் திரும்பின. உழவர்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். வாடகையைவிட விளைச்சல் அதிகம் தந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டாரிகா 1997 முதல், எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்து, காட்டைக் காக்கும் நில உரிமையாளர்களுக்குத் தருகிறது. பாராட்டுகளோடு ஒரு கேள்வியும் வந்தது: காட்டை அழிக்க 1996 சட்டமே தடை போட்டிருக்கிறதே, வெட்டப் போகாத மரத்துக்கு எதற்குக் காசு? கணக்குப்படி நியாயமான கேள்விதான். ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். அந்தக் கணக்கையே பிடித்துக்கொண்டால், நேற்றுவரை காட்டை அழித்தவர் இன்று நிறுத்தினால் அவருக்குப் பணம். மூன்று தலைமுறையாகக் காத்தவருக்கு, 'நீங்கள்தான் எப்படியும் காப்பீர்களே' என்ற பாராட்டு மட்டும். இதைப் பார்க்கும் பக்கத்து நிலத்துக்காரர் கோடரியைத் தீட்ட மாட்டாரா? மாற்றத்துக்கு மட்டும் கூலி என்றால் காத்தவர் ஏமாளி. காத்தவர் எல்லாருக்கும் கூலி என்றால் கஜானா தாங்காது. நான் காத்தவர் பக்கம். தொகை குறைந்தாலும் பரவாயில்லை, அவர் பெயர் பட்டியலில் இருக்கட்டும்.

இன்னும் ஒருவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. குத்தகைக்கு உழுபவர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் பத்திரம் வைத்திருப்பவர். நிலம் ஓய்வுக்குப் போனால் வாடகை அவருக்கு, வேலை இழப்பு இவருக்கு. கோஸ்டாரிகாவிலும் தொடக்கத்தில் முறையான பத்திரம் இல்லாதவர்கள் சேர முடியவில்லை. இங்கே திட்டம் தீட்டும் நண்பர்கள் இருந்தால், விண்ணப்பப் படிவத்தில் 'நிலத்தில் வேலை செய்பவர் யார்?' என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள். அந்த வரியை நிரப்பாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.