பாட்டில் வராத மறுநாள் காலை

அவையோருக்கு வணக்கம்.

‘பாட்டில்’ என்று எழுதிப் பாருங்கள். பாட்டுக்குள் என்றும் படிக்கலாம், புட்டி என்றும் படிக்கலாம். தமிழ் சினிமாவில் இந்த இரண்டும் ஒட்டிக்கொண்ட இடம்தான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு கணக்கு. குத்துப் பாட்டுக்காரர்களுக்கு ‘குவார்ட்டரு’, ‘கட்டிங்கு’ இரண்டும் பிடித்த சொற்கள். ‘ட்ட’ என்ற வல்லின இரட்டிப்பில் அடி நச்சென்று விழும். ‘மது’வில் அப்படி விழாது, அது மெல்லிசைக்குப் போய்விட்ட சொல். ஆனால் குவார்ட்டர் என்பது 180 மி.லி. நம் ஊர் பிராந்தி, விஸ்கி, ரம்மில் ஆல்கஹால் 42.8 சதவீதம். பெருக்கினால் 77 மி.லி.; எடையில் சுமார் 60 கிராம். 10 கிராமை ஓர் அளவு என்று வைத்தால், பாட்டு ஒன்று என்று எண்ணுவதை உடம்பு ஆறு என்று எண்ணுகிறது. கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். இரவு பத்து மணிக்குப் போட்டது விடியும்வரை ரத்தத்தில் கிடக்கும். 60 கிலோ எடையுள்ள ஆண் அதை ஒரே மூச்சில் குடித்தால் 100 மி.லி. ரத்தத்தில் 140 மில்லிகிராம் பக்கம் ஏறும். 30 மில்லிகிராமைத் தாண்டி வண்டி ஓட்டினாலே மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். பாட்டில் நம் ஆள் அடுத்த சரணத்தில் பைக்கை உதைக்கிறான்.

குடிப் பாட்டு டாஸ்மாக்கோடு வந்ததல்ல. 1953இல் ‘தேவதாஸ்’ வந்தபோது இங்கே முழு மதுவிலக்கு. ‘உலகே மாயம்’ என்று கண்டசாலா உருகியதைக் கேட்ட ஊரில் சட்டப்படி ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. 1963இல் ‘ஒரு கோப்பையிலே என் குடியிருப்பு’ பாட்டுக்குக் கண்ணதாசனே திரையில் தோன்றினார்; அப்போதும் மதுவிலக்குதான். 1971 ஆகஸ்டில் மதுவிலக்கை நிறுத்திவைத்தார்கள். மறு ஆண்டு ‘வசந்த மாளிகை’யில் ‘குடிமகனே, பெருங்குடிமகனே’ ஒலித்தது. பெருங்குடி என்றால் உயர்ந்த குலம். அந்தச் சொல்லைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்த சிலேடை அது. இன்றைக்கு மேடையில் ‘இந்தியக் குடிமகன்’ என்றால் பின்வரிசையில் சிரிப்பு கேட்கிறதே, அதில் சிலேடைக்கும் பங்கு உண்டு, கடைகளுக்கும் பங்கு உண்டு.

இவற்றுக்கு நடுவில் ‘ஒளிவிளக்கு’, 1968. குடித்துத் தள்ளாடும் எம்.ஜி.ஆரை அவருடைய உருவங்களே சூழ்ந்துகொண்டு ‘தைரியமாகச் சொல் நீ மனிதன்தானா’ என்று கேட்கின்றன. இதன் கட்டுமானத்தைக் கவனியுங்கள். குடிப்பவனுக்கு எதிரே இன்னொரு குரல் நிற்கிறது. அதுவும் பல்லவியிலேயே நிற்கிறது. அதுதான் முக்கியம். பல்லவி ஒரு பாட்டில் பலமுறை திரும்பி வரும். சரணத்து வரி ஒருமுறைதான் வரும். இன்றைய பாட்டில் புத்திமதி என்று ஏதாவது இருந்தால் அது இரண்டாம் சரணத்தில் ஒதுங்கிக் கிடக்கும். ரீல்ஸுக்கு முப்பது விநாடி வெட்டும்போது முதலில் போவது அதுதான்.

திரையில் எச்சரிக்கை போடுகிறார்களே என்பீர்கள். 1991ஆம் ஆண்டின் தணிக்கை வழிகாட்டுதல் குடியை நியாயப்படுத்துவதையும் பெருமைப்படுத்துவதையும் கூடாது என்கிறது. போதைப் பொருளுக்கும் புகையிலைக்கும் தனித்தனி வரிகள் உண்டு. புகையிலைக்கு மட்டும் 2012 அக்டோபர் முதல் கூடுதல் விதி: படத் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் குறும்படம், சிகரெட் தெரியும்போதெல்லாம் அடியில் வாசகம். எல்லாம் சரி. ஆனால் வாசகம் கண்ணுக்கு. பாட்டு போவது காதுக்கு. ஷேர் ஆட்டோவிலும் கல்யாண மண்டபத்திலும் கோயில் திருவிழா ஸ்பீக்கரிலும் அடியில் எந்த எழுத்தும் ஓடாது.

நேரக் கணக்கும் இடிக்கிறது. ‘லியோ’ படத்தின் ‘நா ரெடி’ 2023 ஜூனில் வெளியானது. படம் வந்தது அக்டோபரில். தணிக்கை வாரியம் குடி வரிகளை நீக்கச் சொன்னபோது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அவை மனப்பாடம். தண்ணீர் வடிந்த பிறகு மதகை அடைத்த கதை.

ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் வந்திருப்பதால் வகுப்பில் செய்யக்கூடிய ஒன்று. ஒரு பாட்டின் வரிகளை முழுதாக அச்செடுத்துக் கொடுங்கள். யார் குடிக்கிறார், யாரால் குடிப்பதாகச் சொல்கிறார், காசு யாருடையது, வீட்டில் யார் விழித்திருக்கிறார், மறுநாள் காலை வருகிறதா என்று ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஒரு பெண்ணின் மேல் பழி விழும். மூன்றாவதும் நான்காவதும் காலியாகக் கிடக்கும்.

இதில் வழக்கமாக நேரும் தவறு, குடிச் சொற்களை மட்டும் எண்ணுவது. அப்படி எண்ணினால் ‘ஒளிவிளக்கு’ப் பாட்டும் குற்றவாளியாகிவிடும், ‘மதுவிழி’ என்று காதலியைப் பாடியவனும் மாட்டுவான். ஒரு சொல்கூட இல்லாமல் காட்சியில் மட்டும் கிளாஸ்கள் மோதும் பாட்டு தப்பித்துவிடும். அதனால் முதலில் காதால் மட்டும் ஒருமுறை, பிறகு படத்தோடு ஒருமுறை. நாற்பது நிமிட வகுப்புக்கு ஒரு பாட்டுதான் தாங்கும். இரண்டு எடுத்தால் பேச நேரம் இருக்காது.

எதிர்ப்பாட்டையும் எடுங்கள். 2015 அக்டோபரில் ‘மூடு டாஸ்மாக்கை மூடு’ பாடியதற்காகப் பாடகர் கோவனைத் திருச்சியில் கைது செய்தார்கள். தேசத்துரோகப் பிரிவு 124ஏ. அந்தப் பாட்டிலும் குடிச் சொற்கள் உண்டு. பிள்ளைகள் அதே ஐந்து கேள்விகளை அதற்கும் போட்டுப் பார்க்கட்டும்.

தாள்கள் வரிசைக்கு வரிசை வருகின்றன. இப்போது ஒரு பாட்டு போடுகிறோம். முதல்முறை திரை இருட்டாகவே இருக்கும்.