ஸ்நேப் செய்ததை எல்லாம் காதல் கழுவிவிடுமா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். "அக்கா, ஹாரி பாட்டர் ஏழாவது புத்தகத்தை முடித்துவிட்டு இரண்டு நாள் அழுதேன். ஸ்நேப் என்னதான் கொடுமை செய்திருந்தாலும் லில்லியை சாகும்வரை காதலித்தாரே, அது போதாதா? போன காணொளியில் அவரை ஏன் அவ்வளவு கடுமையாகப் பேசினீர்கள்?"

இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவு வரை பேசப்போகிறேன். ஸ்நேப் யாரென்று மறந்தவர்களுக்கு: ஹாரி படிக்கும் மந்திரப் பள்ளியின் ஆசிரியர். லில்லி, ஹாரியின் அம்மா.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. அழுததில் தப்பே இல்லை. 33ஆம் அத்தியாயம் வந்தால் எனக்கும் தொண்டை அடைக்கும். ஸ்நேப் மந்திரம் போட, வெள்ளி நிறத்தில் ஒரு பெண்மான் துள்ளி ஓடுகிறது. மந்திரவாதியைக் காக்க வரும் உருவம் அது. லில்லியின் காவல் உருவமும் அதே பெண்மான்தான். இவ்வளவு காலம் கழித்துமா என்று தலைமை ஆசிரியர் டம்பிள்டோர் கண்ணீரோடு கேட்கிறார், இவர் 'எப்போதும்' என்று ஒரே சொல்லில் முடிக்கிறார். அந்தக் காதல் உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் அதே அத்தியாயத்தில் இன்னொரு காட்சி இருக்கிறது. நிறைய பேர் அதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். டம்பிள்டோர் இறந்த பிறகு, ஸ்நேப், ஹாரி அப்பாவின் நண்பர் சிரியஸின் பழைய அறையில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் லில்லி எழுதிய ஒரு கடிதம். மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் சொட்டுகிறது. அன்புடன் லில்லி என்று கையெழுத்து இருக்கும் தாளை மட்டும் எடுத்து அங்கிக்குள் வைத்துக்கொள்கிறார். அந்தக் கடிதம் இவருக்கு வந்ததே இல்லை, சிரியஸுக்கு எழுதியது. அப்புறம் கூடவே இருந்த புகைப்படத்தை இரண்டாகக் கிழிக்கிறார். லில்லி சிரிக்கும் பாதி தனக்கு. மறுபாதியைத் தரையில் போட்டுவிட்டுப் போகிறார். அந்த மறுபாதியில் என்ன இருந்தது என்று நினைவிருக்கிறதா? ஒரு வயதுக் குழந்தை ஹாரி, பொம்மைத் துடைப்பத்தில் ஏறிச் சிரித்துக்கொண்டே பறக்கிறான். அப்பா ஜேம்ஸின் கால்கள் பின்னாலேயே ஓடுகின்றன.

லில்லி எந்தக் குழந்தைக்காக உயிரைக் கொடுத்தாளோ, அந்தக் குழந்தையைத்தான் கிழித்துப் போட்டுவிட்டுப் போகிறார். அவள் இறந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும்! அவள் வேண்டும், அவள் நேசித்தது எதுவும் வேண்டாம். நான் கடுமையாகப் பேசியது இந்த இடத்தை மனதில் வைத்துத்தான்.

ஆரம்பத்திலும் இதுதான் நடந்தது. ஒரு குழந்தை பிறந்து கொடிய மந்திரவாதி வால்டமோர்ட்டை வீழ்த்தும் என்ற ஆருடத்தில் பாதியை ஒட்டுக்கேட்டு, ஓடிப்போய் அப்போது தன் எஜமானாக இருந்த அதே வால்டமோர்ட்டிடம் சொன்னவர் ஸ்நேப். ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை சாகப்போகிறது என்று தெரிந்தேதான் சொன்னார். அது லில்லி வீடு என்று தெரிந்ததும் பதறினார். பதறிப்போய் எதைக் கேட்டார்? அவளை மட்டும் விட்டுவிடுங்கள் என்று வால்டமோர்ட்டிடமே கேட்டார். டம்பிள்டோர் இதைக் கேட்டு அருவருத்து, புருஷனும் பிள்ளையும் செத்தால் உனக்குப் பரவாயில்லையா என்று கேட்ட பிறகுதான், எல்லோரையும் காப்பாற்றுங்கள் என்ற சொல் அவர் வாயில் வருகிறது. அந்த ஆருடம் லில்லி வீட்டுக்குப் பொருந்தாமல் வேறு யார் வீட்டுக்காவது பொருந்தியிருந்தால்? ஸ்நேப் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

வேறு வீடு என்று ஒன்று உண்மையிலேயே இருந்தது. நெவில் லாங்பாட்டம் வீடு. அவனும் ஜூலை கடைசியில் பிறந்தவன், ஆருடம் அவனுக்கும் பொருந்தும். அவனுடைய அப்பா அம்மாவை வால்டமோர்ட்டின் ஆட்கள் சித்திரவதை செய்தே புத்தி பேதலிக்க வைத்தார்கள். இருவரும் மருத்துவமனையில் இருக்கிறார்கள், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாது. இப்படிப்பட்ட பையன் முன்னால், யாருக்கு எது பெரிய பயமோ அந்த உருவத்தை எடுக்கும் ஒரு ஜந்து மூன்றாம் ஆண்டில் வந்து நிற்கிறது. பெற்றோரைச் சிதைத்தவர்களின் உருவத்தை அது எடுக்கவில்லை. ஸ்நேப் வாத்தியாராக வந்து நின்றது. 13 வயதுப் பையனுக்கு உலகத்திலேயே பெரிய பயம் தன்னுடைய ஆசிரியர்!

சும்மா வரவில்லை அந்தப் பயம். நெவில் காய்ச்சிய மருந்து தப்பாகிவிட்டது என்று, அவன் ஆசையாக வளர்க்கும் தேரையின் வாயிலேயே அதை ஊற்றப்போவதாக வகுப்பு முன்னால் மிரட்டினார், ஊற்றவும் செய்தார். ஹாரியின் தோழி ஹெர்மயனி காதோடு சொல்லிக்கொடுத்து மருந்து சரியாக வந்ததால் தேரை பிழைத்தது. அதற்கும் ஐந்து மதிப்பெண் குறைத்தார். இன்னொரு நாள் சாபம் பட்டு ஹெர்மயனியின் பல் நீண்டு தொங்க, பார்த்துவிட்டு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லையே என்றார். இதில் லில்லி எங்கே வருகிறாள், சொல்லுங்கள்? நெவிலுக்கும் லில்லிக்கும் என்ன சம்பந்தம்?

வால்டமோர்ட் பக்கம் இருப்பதுபோல் காட்டிக்கொண்டு டம்பிள்டோருக்கு உளவு சொன்னவர், அதற்காக அப்படி நடித்தார் என்று சிலர் கீழே எழுதுவீர்கள். டம்பிள்டோரோடு தனியாக இருக்கும்போது யாருக்காக நடிக்க வேண்டும்? அங்கேயும் ஹாரி அப்பனைப் போலவே திமிர் பிடித்தவன் என்றுதான் குமுறுகிறார். நீ பார்க்க நினைப்பதைத்தான் பார்க்கிறாய் என்று டம்பிள்டோர் சொல்லிவிடுகிறார்.

அப்படியென்றால் ஸ்நேப்பிடம் நல்லதே இல்லையா? இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. உன் கண் முன்னால் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று டம்பிள்டோர் ஒருமுறை கேட்கிறார். சமீப காலமாக, என்னால் காப்பாற்ற முடியாமல் போனவர்கள் மட்டும்தான் என்கிறார் ஸ்நேப். எனக்கு 'எப்போதும்' என்ற சொல்லைவிட இந்தப் பதில்தான் பெரிது. இங்கே லில்லி இல்லை. பேர் தெரியாத யாரோ. ஒரு காலத்தில் யாரோ வீட்டுப் பிள்ளையை எஜமானிடம் போட்டுக்கொடுத்தவர், இப்போது யாரோ ஒருவருக்காக ஆபத்தில் கை வைக்கிறார். பதினைந்து, பதினாறு வயதில் லில்லியையே திட்டிய, மந்திரம் தெரியாத வீட்டில் பிறந்தவர்களை இகழும் அந்த இழிசொல்லை, கடைசி வருடத்தில் சுவரில் இருக்கும் பேசும் ஓவியம் சொன்னால்கூட அதட்டி நிறுத்துகிறார். அந்த வருடம் தலைமை ஆசிரியர் அவர்தான். அவர் அறையிலிருந்து கிரிஃபிண்டோரின் மந்திர வாளைத் திருடப் பார்த்து நெவிலும் கூட்டாளிகளும் பிடிபட்டபோது, தண்டனை என்று ஹாக்ரிட்டோடு காட்டுக்கு அனுப்பிவிட்டார். ஹாக்ரிட் இவர்களுடைய ஆள்தானே. பள்ளிக்கூடம் முழுக்க வால்டமோர்ட்டின் ஆட்கள் இருக்கும்போது, அது தண்டனை என்ற பெயரில் செய்த காவல்.

ஆக, காதல் அவரை இந்தப் பக்கம் இழுத்து வந்தது. வந்த பிறகு அவர் செய்த நல்லதை அவர் கணக்கிலேயே எழுதுவோம், செய்த கொடுமையையும் அதே கணக்கில் எழுதுவோம். மன்னிப்பு என்று வந்தால், ஹாரி தன் பங்குக்கு மன்னித்துவிட்டான், மகன் பெயரில் அவர் பெயரையும் சேர்த்து வைத்தான். அது ஹாரியின் உரிமை. நெவிலின் பங்கை ஹாரியும் கொடுக்க முடியாது, லில்லியும் கொடுக்க முடியாது, நீங்களும் நானும் கொடுக்கவே முடியாது.

நெவில் மன்னித்தானா என்று புத்தகத்தில் இல்லை. இருப்பது இதுதான். காட்டில் உறைந்த குளத்தில் அந்த வாளை ஹாரிக்காக ரகசியமாக வைத்துவிட்டுப் போனவர் ஸ்நேப். 1998 மே மாதம், வால்டமோர்ட்டின் பாம்பு கடித்து அவர் செத்துப்போகிறார். சில மணி நேரத்தில் அதே வாள் பள்ளியின் மந்திரத் தொப்பிக்குள்ளிருந்து நெவில் கைக்கு வருகிறது. ஒரே வீச்சில் அந்தப் பாம்பின் தலையை வெட்டுகிறான். ஸ்நேப் யார் பக்கம் நின்றார் என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.