அப்பாக்க சட்டையில ஊசி எறங்கல

எல்லாருக்கும் வணக்கம், மைக்கு கொஞ்சம் எரையுது, பின்னாடி கேக்குதா? சரி. ஆர்ட் குவில்ட்டுன்னு நோட்டீஸ்ல பாத்ததும் ஏதோ ஃபாரின் சமாச்சாரம்னு நெனச்சிருப்பீங்க, ஒண்ணுமில்ல, பழைய சேலைய அடுக்கித் தச்சு புள்ளைக்கு விரிப்போமே, அதுக்க பெரியம்மா மக மாதிரி தான், மேல ஒரு துணி, நடுவுல கனத்துக்கு ஒண்ணு, அடியில ஒண்ணு, மூணையும் சேத்து ஓட்டுத் தையல்.

எடுத்துக்கிட்ட பாட்டு குறுந்தொகை 40, செம்புலப் பெயல் நீர், ஒட்டு ஒறவு இல்லாத ரெண்டு பேருக்க மனசு செம்மண்ணுல பெஞ்ச மழைத்தண்ணி மாதிரி கலந்துட்டுன்னு சொல்லுத பாட்டு. கல்யாணப் பத்திரிகைல அடிச்சு அடிச்சே தேஞ்சு போன வரி. எழுதினவருக்க பேரு கூட தெரியாது, வரியையே பேராக்கி செம்புலப்பெயல்நீரார்னு கூப்பிடுதோம். அம்மா நாஞ்சில்நாட்டு வயக்காட்டுக்காரி, அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டினவரு, அதனால பாட்டு வீட்டுக்குப் பொருந்தும்னு தான் தொடங்கினேன். ஆனா மழைன்னா வெட்டு கெடையாது, கூலியும் கெடையாது. பாட்டுல வர்ற மழை எங்க வீட்டுல அவ்வளவு இனிப்பா பெய்யல, அதையும் தைக்கணும்னு தோணிச்சு.

மண்ணுக்கு புது செவப்பு காட்டன் வாங்கினேன், தைக்கதுக்கு முன்னாடி தனியா அலசணும்னு தெரிஞ்சும் சோம்பல்ல அலசல, முடிச்சு நனைச்சப்போ கூட வச்சுத் தச்ச பாட்டிக்க வெள்ளை நேரியல், அதான் மேல்துண்டு, முழுக்க சாயம் எறங்கி ரோஸாப் போச்சு. ரெண்டு நாள் அழுதேன். பொறவு பாத்தா நான் தச்ச மழைய விட அது தான் மழை மாதிரி இருக்கு, அப்படியே விட்டுட்டேன்.

கஷ்டம் அப்பா பால் வெட்டப் போகும்போ போட்ட சட்டை தான். ரப்பர் பால் பட்டு காஞ்சா போகாது, கறுத்து தோல் மாதிரி ஆயிரும், ஊசி பாதி போயி நின்னுடும், கொறடு வச்சு இழுக்கணும். ஒரு சாண் தைக்க ஒரு மதியம் ஆச்சு, மூணு ஊசி ஒடிஞ்சுது. வெட்டி எறிஞ்சிருக்கலாம், மனசு வரல. அலபாமாவுல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊரு, அங்க மிசௌரி பெட்வேன்னு ஒரு அம்மா 1942ல வீட்டுக்காரர் எறந்த பொறவு அவருக்க வேலை உடுப்பையே வெட்டி குவில்ட்டு தச்சாவ, அந்த ஊருப் பெண்கள் தச்சதெல்லாம் 2002ல நியூயார்க் விட்னி மியூசியம் வரை போச்சு. அந்த அம்மாக்க குவில்ட்டுப் படத்த பாத்த பொறவு தான் எனக்கு தைரியம் வந்துது.

அம்மா பாத்துட்டு என்ன பறஞ்சா தெரியுமா? "கறை இருக்க பக்கத்த உள்ள மடக்கி இருக்கலாமே மக்கா, ஆளு பாத்தா அப்பாவ என்ன நெனைப்பாவ?" எனக்கு பதில் வரல.

அந்தா சன்னல் பக்கம் தொங்குது, கிட்ட போயி தொட்டுப் பாருங்க, கறை இப்பவும் லேசா விரல்ல ஒட்டும். அம்மா முன் வரிசையில தான் இருக்கா, அவ கிட்ட மட்டும் கறைய பத்தி ஒண்ணும் கேட்டுராதீங்க.