அலெக்சாண்டரின் காசும் அசோகனின் கல்லும்

வணக்கம் நண்பர்களே. திரையில் ஒரு செயற்கைக்கோள் படம் தெரிகிறது, பாருங்கள். லெபனான் கடற்கரை. கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் இந்த ஊரின் பழைய பெயர் டயர். கி.மு. 332 வரை இது கரைக்கு அருகில் இருந்த ஒரு தீவு. தீவைப் பிடிக்க அலெக்சாண்டரிடம் போதிய கப்பல்கள் இல்லை. கரையில் இருந்த பழைய ஊரை இடித்து, அந்தக் கல்லையும் மண்ணையும் கடலில் கொட்டிப் பாதை போட்டான். முற்றுகை ஏழு மாதம் நீடித்தது. ஊர் விழுந்ததும் இரண்டாயிரம் ஆண்களைக் கடற்கரை நெடுகச் சிலுவையில் அறைந்தார்கள் என்றும், முப்பதாயிரம் பேரை அடிமைகளாக விற்றார்கள் என்றும் பண்டைய ஆசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கொட்டிய பாதையின் இருபுறமும் கடல் மணலைச் சேர்த்துக்கொண்டே போனது. தீவு நிலத்தோடு ஒட்டிவிட்டது. இன்று அதன் மேல் வீடுகளும் தெருக்களும் இருக்கின்றன.

"உலகின் தலைசிறந்த வெற்றியாளர்கள்" என்று வரிசை எண் போட்டு வரும் காணொலிகளைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. யார் எத்தனை நாடு பிடித்தார்கள் என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். பிடித்த பிறகு என்ன நின்றது என்று கேட்டால், அலெக்சாண்டர் விஷயத்தில் கிடைக்கும் பதில் விசித்திரமானது. அவன் நிலைக்க வேண்டும் என்று நினைத்தவை எல்லாம் சீக்கிரமே போய்விட்டன. அவன் கனவிலும் நினைக்காதவை நின்றன.

போனவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 323இல், 32 வயதில், பாபிலோனில் இறந்தான். தளபதிகள் பேரரசைக் கூறு போட்டார்கள். தாய் ஒலிம்பியாஸ் கொல்லப்பட்டாள். மனைவி ரொக்சானாவையும், தந்தையின் முகத்தையே பார்க்காத மகனையும், மாசிடோனியாவைப் பிடித்துக்கொண்ட காசாண்டர் கொல்லச் செய்தான். பதினைந்து ஆண்டுகளுக்குள் வாரிசு என்று சொல்ல ஆள் இல்லை. கிழக்குப் பகுதியை எடுத்துக்கொண்ட தளபதி செலூக்கஸ், சிந்து பக்கத்து நிலங்களைச் சந்திரகுப்த மௌரியனிடம் கொடுத்துவிட்டு 500 யானைகளை வாங்கிக்கொண்டு திரும்பினான்.

இனி நின்றவற்றுக்கு வருவோம். முதலில் பணம். பாரசீகத் தலைநகரங்களில் ஒன்றான பெர்செபோலிஸில் மட்டும் அவன் கைக்கு வந்த செல்வம் 1,20,000 தாலந்து என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு தாலந்து ஏறத்தாழ 26 கிலோ வெள்ளிக்குச் சமம். பழைய எண்ணிக்கைகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பாதியாக வெட்டினாலும் தலை சுற்றும். பல தலைமுறை அரசர்கள் கருவூலத்தில் பூட்டி வைத்திருந்த உலோகம் வெளியே வந்து காசாக மாறிச் சந்தைக்குப் போனது. ஒரு பக்கம் சிங்கத்தோல் போர்த்திய ஹெராக்ளிஸ், மறுபக்கம் கழுகை ஏந்தி அமர்ந்திருக்கும் சீயஸ். அலெக்சாண்டர் பெயரில் அந்த வெள்ளிக்காசை, அவன் செத்து இருநூறு ஆண்டு கழித்தும் சில ஊர்கள் அடித்துக்கொண்டிருந்தன. ஆள் போனாலும் அவன் காசு செல்லுபடியானது.

அடுத்து மனிதர்கள். இன்றைய வடக்கு ஆப்கானிஸ்தானை அப்போது பாக்திரியா என்பார்கள். அங்கே ஆயிரக்கணக்கான கிரேக்கர்களைக் குடியமர்த்திவிட்டுத்தான் அவன் இந்தியப் பக்கம் வந்தான். விரும்பி இருந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் இறந்த செய்தி வந்ததும் ஏறக்குறைய 23,000 பேர் ஊருக்குத் திரும்புகிறோம் என்று கிளம்பினார்கள். அவர்களை அடக்கப் போன மாசிடோனியப் படை, அதாவது அலெக்சாண்டரின் சொந்த நாட்டுப் படை, அவர்கள் சரணடைந்த பிறகு வெட்டிச் சாய்த்தது. வெற்றி வரலாறுகளில் இந்தப் பகுதிக்கு அரை வரிகூட ஒதுக்க மாட்டார்கள்.

இருந்தும் கிரேக்கர்கள் அங்கே வேர்விட்டார்கள். அமு தாரியா ஆற்றங்கரையில், ஆய் கானூம் என்ற இடத்தில், பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் 1960களிலும் 70களிலும் ஒரு முழுக் கிரேக்க நகரத்தையே தோண்டி எடுத்தார்கள். அரங்கம், உடற்பயிற்சிக்கூடம், எல்லாம் இருந்தன. கிரேக்கத்தின் டெல்பி கோவிலிலிருந்து நகலெடுத்து வந்த அறிவுரைகளைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். இந்தக் கிரேக்கர்களின் வழிவந்த அரசர்கள் இந்துகுஷ் மலையைத் தாண்டிப் பஞ்சாப் வரை ஆண்டார்கள். உள்ளூர் மக்களும் படிக்க வேண்டுமே என்று காசுகளில் இரண்டு மொழிகளைப் போட்டார்கள். அவர்களில் ஒருவனான மெனாந்தரின் காசைப் பாருங்கள். ஒரு பக்கம் கிரேக்கத்தில் "பாஸிலியோஸ் சோத்தேரோஸ் மெனாந்த்ரூ". மறுபக்கம் வடமேற்கு இந்தியாவின் பழைய எழுத்தான கரோஷ்டியில், அன்றைய மக்கள் மொழியான பிராகிருதத்தில், "மஹாரஜஸ த்ரதரஸ மெனம்த்ரஸ". இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: காக்கும் அரசன் மெனாந்தருடையது. அகதோக்ளிஸ் என்ற அரசனோ இன்னொரு படி போய்ப் இந்தியாவின் பழைய எழுத்தான பிராமியிலேயே காசு அடித்தான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். 1830களின் தொடக்கத்தில் பிராமியைப் படிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவரும் இல்லை. வட இந்தியாவெங்கும் தூண்களிலும் பாறைகளிலும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது, யார் எழுதியது என்றே தெரியாது. அந்தச் சமயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை விட்டு ஓடிய ஜேம்ஸ் லூயிஸ் என்ற ஆள், சார்லஸ் மாசன் என்று பெயரை மாற்றிக்கொண்டு ஆப்கானிஸ்தானில் சுற்றிக்கொண்டிருந்தார். காபூலுக்கு வடக்கே பெக்ராமில் பல்லாயிரம் பழங்காசுகளைச் சேர்த்தார். அப்படிக் கிடைத்த இருமொழிக் காசுகளை வைத்துத்தான் கரோஷ்டி எழுத்துகள் பிடிபடத் தொடங்கின. 1836இல் கிறிஸ்டியன் லாசன் என்ற அறிஞர் அகதோக்ளிஸின் காசைக் கொண்டு சில பிராமி எழுத்துகளை அடையாளம் கண்டார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் நாணயச்சாலை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சி வேலிக் கல்வெட்டுகள் பலவும் ஒரே எழுத்துகளில் முடிவதைக் கவனித்து, அது "தானம்" என்று ஊகித்தார். பூட்டு திறந்துவிட்டது. தூண்களிலும் பாறைகளிலும் எழுதி வைத்த அரசன் பெயர் "பியதசி" என்று தெரிந்தது. அவன் யார் என்ற கேள்விக்கு, இலங்கையில் பாலி நூல்களைப் படித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் டர்னர் பதில் கொடுத்தார்: அசோகன். மதுரை மாங்குளம் குகையில் தமிழ்ப் பிராமியில் வெட்டிய நெடுஞ்செழியன் பெயரை இன்று நாம் படிக்கிறோம் அல்லவா? அந்த வாசிப்புக்கும் பின்னால் இருப்பது இதே வேலைதான்.

படிக்க முடிந்ததும் என்ன தெரிந்தது? அசோகனும் நாடு பிடித்தவன்தான். கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்று பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் அவனே கணக்கு சொல்கிறான், வருந்துகிறான். தன் தர்மம் எட்டிய இடங்கள் என்று அதே கல்வெட்டில் அந்தியோகஸ், தாலமி உள்ளிட்ட ஐந்து கிரேக்க அரசர்களையும் சோழரையும் பாண்டியரையும் சேர்த்தே எழுதியிருக்கிறான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கலிங்கத்திலேயே உள்ள தவுளியிலும் ஜௌகடாவிலும் இந்தப் பதின்மூன்றாம் கல்வெட்டு இல்லை. அந்த இடத்தில் வேறு ஆணைகள் இருக்கின்றன. அடி வாங்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்காமல் அடுத்த ஊர்க்காரர்களிடம் வருத்தம் தெரிவித்திருக்கிறான்! நிர்வாகக் காரணம் இருக்கலாம், பழைய புண்ணைக் கிளற வேண்டாம் என்ற எண்ணமும் இருக்கலாம். எனக்கு அது உறுத்துகிறது.

மத்தியப் பிரதேசம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாஞ்சியோடு திரும்பிவிடாதீர்கள். பத்து கிலோமீட்டர் தூரத்தில் விதிஷா இருக்கிறது. அங்கே ஹெலியோடோரஸ் தூண் என்று கேளுங்கள். உள்ளூரில் "காம் பாபா" என்று சொன்னால்தான் தெரியும். தட்சசீலத்திலிருந்து கிரேக்க அரசன் அந்தியால்கிதஸின் தூதனாக வந்த ஹெலியோடோரஸ், வாசுதேவனுக்கு நட்ட கருடத்தூண் அது. தன்னைப் பாகவதன், அதாவது வாசுதேவனின் பக்தன், என்று அதில் சொல்லிக்கொள்கிறான். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் கடைசி வாக்கில் நட்டது. பக்தர்கள் தலைமுறை தலைமுறையாகச் செந்தூரம் பூசி வழிபட்டதால், 1877இல் அதைப் பார்த்த தொல்லியலாளர் கன்னிங்ஹாமின் கண்ணுக்கே எழுத்து தெரியவில்லை. 1909 வாக்கில் பூச்சைச் சுரண்டிய பிறகுதான் படித்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் போங்கள், பக்கத்திலேயே உதயகிரிக் குகைகளும் இருக்கின்றன, ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.