செல்களுக்கு நடுவே ஒரு தையல்

நேயர்களுக்கு வணக்கம். குடல் செல்களை இணைக்கும் தையலுக்கும் வைட்டமின் ஈ-க்கும் என்ன தொடர்பு என்று இன்று பார்ப்போம். வைட்டமின் ஈ என்று ஒரே பெயராகச் சொல்கிறோம். உள்ளே எட்டுப் பேர் இருக்கிறார்கள். டோக்கோஃபெரால், டோக்கோட்ரையினால் என்று இரண்டு குடும்பங்கள். டோக்கோஃபெராலில் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என நான்கு, டோக்கோட்ரையினாலிலும் அதே நான்கு. இரண்டுக்கும் வளைய வடிவத் தலை ஒரே மாதிரிதான். டோக்கோட்ரையினாலின் வாலில் மட்டும் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உண்டு.

குடலின் உள்பக்கத்தை மூடியிருப்பது ஒற்றை வரிசைச் செல்கள். பக்கத்துப் பக்கத்துச் செல்களைக் கிளாடின், ஒக்லூடின் என்ற புரதங்கள் தைத்து வைத்திருக்கின்றன. அந்தத் தையலை செல்லின் உள்ளிருந்து இழுத்துப் பிடிப்பது இசட்ஓ-1 என்ற இன்னொரு புரதம். ஆய்வகத் தட்டில் வளர்த்த குடல் செல்களில் ஒக்லூடினுக்கு ஒளிரும் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், தேனடை போல மெல்லிய கோடுகள் தெரியும். ஆக்சிஜனேற்றம் செய்யும் ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் கோடு அங்கங்கே அறுந்து, புரதம் செல்லுக்குள்ளே சிதறிவிடும். செல் சாகவில்லை, கவனியுங்கள்! ஒக்லூடினில் பாஸ்பேட் ஏறியதில் இசட்ஓ-1-இன் பிடி நழுவியது, அவ்வளவுதான். தையல் தளர்ந்ததால் செல் வரிசையின் மின்தடையும் சரசரவென்று இறங்கும்.

சரி, வைட்டமின் ஈ இங்கே என்ன செய்கிறது? பெராக்சைடை நேரே மடக்குவது அதன் வேலையல்ல. செல்சவ்வின் கொழுப்பில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றிப் பரவும் ஆக்சிஜனேற்றத்தைத் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து நிறுத்துகிறது. ஆல்ஃபா இதில் கெட்டிக்காரன். ஆனால் காமாவின் வளையத்தில் ஓர் இடம் காலி. அங்கே நைட்ரஜன் கொண்ட, சட்டென வினைபுரிந்து கெடுதல் செய்யும் கூறுகளைப் பிடித்து ஒட்டவைத்துக்கொள்ளும். ஆல்ஃபாவில் அந்த இடம் நிரம்பிவிட்டது.

அப்புறம் கல்லீரல். அங்குள்ள ஒரு கடத்துப் புரதம் முக்கியமாக ஆல்ஃபாவைப் பொறுக்கி ரத்தத்துக்கு அனுப்பும். மற்றவை பெரும்பாலும் சிதைந்து வெளியேறும். அதனால் ரத்தப் பரிசோதனையில் ஆல்ஃபாவே முன்னால் நிற்கும். குடல் செல்லோ கல்லீரலுக்கு முந்திய வாசல். உண்ட வகைகள் அத்தனையும் அதைத் தொட்டுத்தான் போகின்றன. தையலைப் பற்றிய கேள்வியில் காமாவையும் டெல்டாவையும் ஓரங்கட்டக் கூடாது என்று நான் நினைப்பது இதனால்தான்.

அதற்காக மாத்திரையை அள்ளி விழுங்க வேண்டாம். தட்டில் வளர்த்த செல் வேறு, மனிதர் வேறு. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களைச் சேர்த்து நடந்த ‘செலக்ட்’ என்ற புற்றுநோய்த் தடுப்பு ஆய்வில், தினம் 400 சர்வதேச அலகு வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியிருந்தது 2011-இல் தெரியவந்தது. அந்த மாத்திரையில் இருந்தது ஆல்ஃபா மட்டும்.